நாய்க்குட்டி உறுமுகிறது, பூனை கடிக்கிறது: வயலோர வீட்டில் இரண்டையும் ஒட்ட வைப்பது எப்படி?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கிராமம். ஓட்டு வீடு, கொல்லையைத் தாண்டினால் வயல். வயதான அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள். மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றும் ஆறு மாதக் கடுவன் பூனை ஒன்றும் இருக்கின்றன. சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் குட்டி உறுமுகிறது, அப்பா அடித்தும் நிற்கவில்லை. பூனை தானாக மடியில் ஏறிப் படுக்கிறது, தடவினால் திடீரென்று கடிக்கிறது, சில சமயம் இரண்டு நாள் காணாமல் போகிறது. நாய் ஆளை நம்பும், பூனை வீட்டைத்தான் நம்பும் என்கிறார் அம்மா. உண்மையா? இரண்டும் எங்களிடம் ஒட்ட என்ன செய்ய வேண்டும்?

பதில்:

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: உறுமுவதற்காகக் குட்டியை இனி ஒருமுறைகூட அடிக்க வேண்டாம். உறுமல் என்பது கடிக்கு முன்னால் வரும் எச்சரிக்கை. அடித்தால் குட்டியின் பயம் போகாது, உறுமுவது மட்டும் நின்றுவிடும். பிறகு ஒருநாள் எந்த அறிகுறியும் காட்டாமல் நேராகக் கடிக்கும். அப்போது "இத்தனை நாள் சாதுவாக இருந்ததே" என்பார்கள். உறுமுகிற குட்டி இன்னும் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது. அதுவரை நல்லது.

அம்மா சொல்வதில் பாதி சரி. பூனைக்குத் தன் இடம் மிக முக்கியம், வீடு மாறினால் நாயைவிட அதிகம் தவிக்கும். ஆனால் ஆளை நம்பாது என்பது தவறு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் ஒரு சோதனை செய்தார்கள். பழக்கமில்லாத அறையில் பூனைக்குட்டியை வளர்ப்பவருடன் இரண்டு நிமிடம் விட்டு, பின் இரண்டு நிமிடம் தனியாக விட்டு, மறுபடி அவரை உள்ளே அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் அவர் வந்ததும் அமைதியாகி, அவரிடம் வந்து உரசிவிட்டு, தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. கைக்குழந்தைகள் தாயிடம் காட்டுகிற அதே வகை நம்பிக்கை அது. நாய்கள் விஷயத்தில் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் சுரப்பு கூடுகிறது. தாய்க்குப் பால் சுரக்கும்போது வேலை செய்கிற அதே ஹார்மோன். ஆட்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. ஆனால் இது உங்கள் நாய்க்கு மட்டும்தான். தெரு நாயைக் கண்ணோடு கண் முறைத்துப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

குட்டியின் வயது இப்போது மிக முக்கியமான வயது. பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரை பார்க்கிற, கேட்கிற எல்லாவற்றையும் நாய்க்குட்டி "இது உலகத்தில் சாதாரணம்" என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு புதிதாகத் தெரிவது எதுவும் முதலில் பயம்தான். பூனைக்கு இந்தக் காலம் இன்னும் குறுகியது, 2 முதல் 7 வாரம் வரை. வைக்கோல்போரில் பிறந்து மனிதக் கை படாமலே இரண்டு மாதம் வளர்ந்த பூனைக்குட்டி காலம் முழுக்க ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் இதுவே. உங்கள் பூனை தானே மடியில் ஏறுகிறது என்றால் அந்த வயதில் யாரோ அதைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்கள். பாதி வேலை முடிந்துவிட்டது.

நாய்க்குட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கிறது. டிராக்டர், குடை பிடித்த ஆள், ஹெல்மெட் போட்டவர், பால்காரரின் சைக்கிள், தவில் சத்தம், கோயில் வேட்டு, மழைக்கோட்டு, கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர், எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். காட்டும்போதே வேகவைத்த முட்டையில் சிறு துண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருங்கள். முட்டையைக்கூடத் தொடாமல் உடம்பை ஒடுக்கினால் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பத்தடி பின்வாங்குங்கள். தடுப்பூசி முழுதாக முடியும்வரை குட்டியைத் தெருமண்ணில் இறக்காமல் தூக்கிக்கொண்டே காட்ட வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும். எதிர்வீட்டுக் குட்டி போன வருஷம் வாந்தியும் ரத்தக்கழிச்சலுமாகச் செத்திருந்தால் அந்த வாசலில் உங்கள் குட்டி மோப்பம் பிடிப்பது ஆபத்து.

இனி தட்டுச் சண்டை. தெருவில் ஆறேழு குட்டிகளோடு ஒரே இலையில் தின்று வளர்ந்த குட்டிக்கு, பக்கத்தில் யார் வந்தாலும் சோறு போய்விடும் என்பதே தெரிந்த பாடம். ஆள் வந்தால் சோறு கூடும் என்று அந்தப் பாடத்தை மாற்ற வேண்டும். தட்டை ஆள் நடமாடும் ரேழியில் வைக்காமல் ஒரு மூலையில் வையுங்கள். குட்டி தின்றுகொண்டிருக்கும்போது ஆறடி தள்ளி நடந்து போங்கள். போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை, முட்டையோ வேகவைத்த கோழியோ, தட்டை நோக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். உங்களைக் கண்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, வாலாட்டி எதிர்பார்க்கத் தொடங்கினால் அரையடி நெருங்கலாம். உடம்பு விறைத்து வேகவேகமாக விழுங்கினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், பழைய தூரத்துக்கே போங்கள். பக்கத்தில் நிற்க விட்ட பிறகு கையால் துண்டைத் தட்டில் போடுங்கள். அதுவும் பழகியபின் தட்டை எடுத்து, ஒரு துண்டு சேர்த்து, உடனே திரும்ப வையுங்கள். பெரும்பாலான குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரத்தில் சரியாகும். கெட்டுப்போவது எங்கே என்றால், "பார்த்தாயா, இப்போது ஒன்றும் செய்யாது" என்று விருந்தாளிக்குக் காட்டுவதற்காகத் தட்டைச் சும்மா பிடுங்குகிற இடத்தில்தான். ஒருமுறை பிடுங்கினால் இரண்டு வார வேலை வீண். இந்தப் பயிற்சியைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். குட்டி தின்னும் நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பூனை கடிப்பது வேறு கதை. அதற்குப் பயமோ கோபமோ காரணமில்லை. தடவல் ஓர் அளவைத் தாண்டினால் பூனையின் தோலுக்கு அது எரிச்சலாக மாறுகிறது. கடிக்கு முன்னால் அது நிறையச் சொல்லும்: வால் நுனி வெடுக்வெடுக்கென்று ஆடும், முதுகுத் தோல் அலைபோல ஓடும், காது பக்கவாட்டில் திரும்பும், தொண்டையிலிருந்து வரும் 'கர்ர்' சத்தம் நிற்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். கன்னம், தாடைக்குக் கீழ், காதின் அடி, இந்த மூன்று இடங்களில் மட்டும் மூன்று தடவை தடவிவிட்டு நிறுத்துங்கள். தலையால் கையை முட்டினால் இன்னும் மூன்று. முட்டாமல் சும்மா படுத்திருந்தால் அது உங்கள் மடியின் சூட்டுக்காக வந்திருக்கிறது, தடவலுக்காக வரவில்லை. அப்படியே விடுங்கள். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் நம்புகிறது என்று அர்த்தம், அங்கே கை வைக்கச் சொல்வதாக அர்த்தமில்லை. பிள்ளைகள் விரலை ஆட்டி விளையாடுவதை இன்றோடு நிறுத்துங்கள். தென்னை ஈர்க்கின் நுனியில் ஒரு துணித்துண்டைக் கட்டி, தரையில் எலி ஓடுவதுபோல இழுத்துக் காட்டட்டும். பத்து நிமிடம் விளையாடி, பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை, பிடி, தீனி, தூக்கம் என்பதுதான் பூனையின் உடம்புக்குத் தெரிந்த வரிசை.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பூனை எதிரே உட்கார்ந்திருக்கும்போது கண்ணை மெதுவாக மூடி, மெதுவாகத் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். வளர்ப்பவர் இப்படிச் செய்தால் பூனையும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்வது கூடியது. அறிமுகமில்லாத ஆள் செய்தபோதும் அவர் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் அதிகம் வந்தன. நடக்க முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு, பூனையோடு பழக இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இரண்டு நாள் காணாமல் போவதற்கு ஆறு மாதக் கடுவன் என்பதே காரணம். ஐந்தாறு மாதத்தில் இணை தேட ஆரம்பித்துவிடும், சண்டையில் காது கிழிந்து, சீழ்வைத்த காயத்தோடு வரும். விரைநீக்கம் செய்துவிடுங்கள். சின்ன அறுவை, அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையிலும் என்றைக்குச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். நாய்க்குட்டி பெட்டையாக இருந்தாலும் ஒதுக்க வேண்டாம். ஏறத்தாழ ஆறு மாதத்தில், முதல் பருவம் வருவதற்கு முன் கருத்தடை செய்துவிட்டால் குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி வாய்க்கால் கரையில் விடுகிற கொடுமை உங்கள் வீட்டில் நடக்க வேண்டியதில்லை. பெட்டைக்குட்டிகள் மட்டும் தெருவில் விடப்படுவதற்கு இந்த ஒரு பயமே காரணம்.

சாப்பாடு. நாய் சோறு தின்னும், செரிக்கும். ஆனால் வெறும் சோறும் ரசமும் போதாது. தட்டில் மூன்றில் ஒரு பங்காவது முட்டை, மீன், கோழி இருக்கட்டும். மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. சாம்பார் சாதத்தைத் தட்டில் தள்ளாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாய் பூனை இரண்டின் ரத்த அணுக்களையும் அழிக்கும். பூனைக்குத்தான் அதிகம் ஆபத்து. பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

பூனை அசைவப் பிராணி. தயிர்சாதமும் பாலும் மட்டும் கொடுத்து வளர்த்தால் டாரின் என்ற சத்து கிடைக்காமல் காலப்போக்கில் கண்ணும் இதயமும் கெடும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் மத்தி மலிவு. வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு பிசைந்து கொடுங்கள். பச்சையாகத் தினமும் கொடுத்தால் சில மீன்களில் உள்ள நொதி பி1 சத்தை அழித்து, தலை ஆட்டமும் வலிப்பும் வரும். கருவாடு என்றால் ஊறவைத்து உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பால் தேவையில்லை, பலவற்றுக்குக் கழிச்சல்தான் ஆகும்.

வயலோர வீட்டில் இந்த ஒட்டுதலை முறித்துப்போடுவது பெரும்பாலும் எலிமருந்துதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேட்டூர் திறந்து குறுவை நட்டதிலிருந்து சம்பா, தாளடி அறுப்பு வரை எங்காவது ஒரு வரப்பில் மருந்து இருந்துகொண்டே இருக்கும், கதிர் பிடிக்கும் காலத்தில் மிக அதிகம். இரண்டு வகை உண்டு. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு, பொரியிலோ அரிசியிலோ எண்ணெய்விட்டுப் பிசைந்து வைப்பது. தின்ற சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிறு உப்பல், மூச்சிரைப்பு. வாயில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து அது விஷவாயு ஆகிறது. அதனால் பாலோ சோறோ கொடுத்து "முறிக்க" நினைக்காதீர்கள், தீனி போனால் அமிலம் கூடும், விஷமும் கூடும். உப்புக்கரைசல் ஊற்றி வாந்தியெடுக்க வைப்பதும் வேண்டாம். மாற்றுமருந்து இதற்குக் கிடையாது, மருத்துவர் கையில் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதுதான் உயிர். காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் ஆகாது. இரண்டாவது வகை புரோமடியோலோன், கட்டியாக வரும். இதைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், சுருண்டு படுக்கும். இதற்கு மாற்றுமருந்து உண்டு, வைட்டமின் கே1. பல வாரம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். விஷமுண்ட எலியைத் தின்ற பூனைக்கும் இதே கதி வரலாம். எதுவானாலும் உறையை எடுத்துக்கொண்டு போங்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அது பூச்சிமருந்தாக இருக்கலாம், அதற்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள்.

பூனைக்கு இன்னொரு ஆபத்து எலிக்கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து வரப்போரம் சாயங்காலம் வைப்பார்கள், விடியலில் எடுப்பார்கள். இரவு வரப்பில் நடக்கிற பூனையின் காலோ கழுத்தோ அதில் மாட்டும். இதற்கு ஒரு வழி உண்டு: பூனையின் பெரிய சாப்பாட்டைப் பொழுது சாயும் நேரத்துக்கு மாற்றுங்கள். தட்டைத் தட்டுகிற ஒரே சத்தம், கூப்பிடுகிற ஒரே குரல், தினமும் அதே நேரம். பத்துப் பதினைந்து நாளில் எங்கிருந்தாலும் வந்து நிற்கும். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கிட்டி எடுக்கிற ஆள் போனபிறகு காலையில் திறந்துவிடுங்கள். மணல் போட்ட ஒரு தட்டு ஓரமாக இருக்கட்டும். மருந்து, கிட்டி, ராத்திரிச் சண்டை மூன்றுக்கும் இந்த ஒரு பழக்கம் காப்பு. அந்த நேரத்தில் உங்கள் குரலுக்கு ஓடிவருகிறதே, அம்மா கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு பதில். பக்கத்து வயல்காரரிடம் மருந்து வைக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டு வையுங்கள், அந்த வாரம் நாயைக் கட்டிப் போடலாம்.

பாம்பு. நாய் மோப்பம் பிடித்துப் பாம்பை மறிக்கும், கடி பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோ விழும். கண்ணாடி விரியன் என்றால் கடித்த இடம் வேகமாக வீங்கும், ரத்தம் உறையாமல் கசியும். நல்ல பாம்பும் கட்டு விரியனும் என்றால் தள்ளாட்டம், கண் செருகல், மூச்சுத் திணறல். கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் இருப்பு இருக்காது. எங்கே இருக்கிறது, ராத்திரி யார் இருப்பார் என்பதை இப்போதே தொலைபேசியில் கேட்டு, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் வரும். நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாவது அறிகுறி. அது மனிதருக்கும் தொற்றும். நாய்க்குப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், வருடா வருடம் போட வேண்டும். உண்ணியை விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் தேடி, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், கையால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். பசியின்மை, காய்ச்சல், வெளுத்த ஈறு தெரிந்தால் உண்ணிக்காய்ச்சலா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தொடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து சாகும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு இந்த மூன்று மாதத்திலேயே போட வேண்டும், பூனைக்கும்தான். மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருடந்தோறும். கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதாமாதம், பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதற்கிடையில் குட்டியோ பூனையோ தெரு நாயோ பிள்ளையைக் கடித்தாலும், ரத்தம் வராமல் லேசாகக் கீறினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் முழுதாகக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனை. ஊசி இலவசம், தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். காயம் ரத்தம் வரும் அளவு என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு ஊசியும் போடச் சொல்லிக் கேளுங்கள். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று காத்திருக்கிற நோய் இது இல்லை, அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. பிள்ளைகள் திட்டு விழும் என்று கீறலை மறைப்பார்கள். அதனால் கீறல் விஷயத்தில் பிள்ளைகளைத் திட்டவே கூடாது.

இரண்டையும் ஒன்றாகப் பழக்குவது எளிது. ஒரு துணியில் பூனையைத் துடைத்து நாய் படுக்கும் இடத்தில் போடுங்கள், அதேபோல மறுபக்கமும். மூன்று நாள் கழித்து, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரே கூடத்தில் வைத்திருங்கள். பூனை தாவி ஏற ஒரு பரணோ பத்தாயமோ எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும், அதன் தட்டும் உயரத்திலேயே இருக்கட்டும். ஓட இடமிருக்கும் பூனை ஓடாது, பூனை ஓடாவிட்டால் குட்டி துரத்தாது.

தை அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் கிடை போட ஆடுகளோடு வருவார்கள், வாத்து மேய்ப்பவர்களும் வருவார்கள். அதற்குள் உங்கள் குட்டி ஓடியாடும் வயதுக்கு வந்திருக்கும். ஆட்டைத் துரத்திப் பழகிய நாய்க்கு ஊரில் நல்ல முடிவு கிடைப்பதில்லை. இப்போதிருந்தே பெயரை நல்லதற்கு மட்டும் கூப்பிடுங்கள்: தீனிக்கு, விளையாட்டுக்கு, கொஞ்சலுக்கு. குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் கூப்பிடாமல் நீங்களே போய்த் தூக்கிவாருங்கள். முதலில் கொல்லைக்குள், தடுப்பூசி முடிந்தபிறகு நீளக் கயிற்றோடு களத்தில், கடைசியில் தூரத்தில் ஆடு தெரியும் இடத்தில். கூப்பிட்டு வந்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு முட்டை. கிடை இருக்கும் நாட்களில், எவ்வளவு பழகியிருந்தாலும், பகலில் கட்டித்தான் வைக்க வேண்டும். நிழலும் தண்ணீரும் எட்டுகிற அளவு கயிறு நீளமாக இருக்கட்டும். காலையும் மாலையும் அரை மணி நேரம் கூடவே நடத்திக் கூட்டிப்போங்கள்.